செக்போஸ்ட்டைச் சுற்றி வரும் ஸ்பாம்: மூன்று தடுப்புகள், எது மேல்?

மெயிலை முதலில் தான் வாங்கிச் சலித்து, பிறகு உங்கள் சர்வருக்கு அனுப்பும் வடிகட்டும் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டியும் ஸ்பாம் குவிகிறது என்று புதுச்சேரியில் விடுதி நடத்துபவர்கள் புலம்புகிறார்கள். சேவையைத் திட்டுமுன், வந்த மெயிலின் தலைப்பகுதியில் அது கடந்து வந்த சர்வர்களைச் சொல்லும் 'ரிசீவ்டு' வரிகளைப் படியுங்கள். வடிகட்டியின் பெயரே அங்கே இல்லையென்றால், அந்த மெயில் அதன் வழியாக வரவே இல்லை.

முறையான சர்வர், உங்கள் மெயிலை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்த்து, முன்னுரிமை எண் குறைந்த முகவரிக்கு முதலில் போகும். ஸ்பாம்காரனுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. உங்கள் சர்வரின் பழைய ஐபி முகவரி அவனிடம் இருந்தால் சர்வர் மெயில் வாங்கும் வாசலான போர்ட் 25-ஐ நேரடியாகத் தட்டுவான். புதுச்சேரி–கடலூர் சாலையில் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருக்க, சரக்கு கிராமப் பாதையில் கடலூருக்குள் போய்விடுவதைப் போலத்தான்.

2003இல் வந்த கிரேலிஸ்டிங் செலவில்லாதது. அறிமுகமில்லாத அனுப்புநருக்கு 451 ('இப்போது முடியாது') என்று பதில் சொல்லி, பிறகு வரச் சொல்லும். அவசரக்கார ஸ்பாம் மென்பொருள் திரும்பி வராது. ஆனால் ஓடிபியும் முன்பதிவு மெயிலும் தாமதமாகும். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஐபியிலிருந்து முயல்வதால் தாமதம் இன்னும் நீளும். விடுதிக்காரருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது, முதல் சர்வர் கிடைக்காதபோது மெயிலை வாங்கிக்கொள்ளும் மாற்று எம்எக்ஸை நீக்குவது. காவல் தளர்ந்த வாசல் அதுதான் என்று தெரிந்தே ஸ்பாம்காரர்கள் பலர் முதலில் அங்கே போவார்கள். உங்கள் சர்வர் படுத்தாலும் அனுப்புகிற சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் மெயிலை வைத்திருந்து முயலும். ஆகவே பெரும்பாலோருக்கு மாற்று தேவையில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பின் கடலூர்ப் பக்கம் மின்சாரம் வர எத்தனை நாளானது என்று கேட்பவர்களும் உண்டு, நியாயம்தான். மாற்று வேண்டுமென்றால் அதையும் அதே வடிகட்டிக்குப் பின்னால் வையுங்கள்.

என் ஓட்டு ஃபயர்வாலுக்கு. வடிகட்டும் சேவை வெளியிடும் ஐபி வரிசைகளை மட்டும் போர்ட் 25-இல் அனுமதித்து, மற்றதை அடைத்துவிட வேண்டும். கிராமப் பாதையே இல்லாமல் போகிறது. ஊழியர்கள் மெயில் அனுப்பும் 587-ஐச் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். சேவை தன் ஐபி பட்டியலை மாற்றும்போது நீங்களும் மாற்ற வேண்டும். அஞ்சல்பெட்டிகள் மேகச் (கிளவுட்) சேவையில் இருந்தால் ஃபயர்வால் உங்கள் கையில் இல்லை. வடிகட்டி வழி வராததை நிராகரிக்கும் விதியை அங்கேயே எழுதலாம்.

அடைத்ததை வீட்டு இணைப்பிலிருந்து சோதிக்காதீர்கள். இணைய நிறுவனங்கள் பல போர்ட் 25-ஐத் தாங்களே தடுத்து வைத்திருப்பதால், திறந்து கிடக்கும் சர்வரும் மூடியதாகவே தெரியும். வெளியே வாடகைக்கு எடுத்த, போர்ட் 25 தடுக்கப்படாத ஒரு சர்வரிலிருந்து தட்டிப் பாருங்கள்.