மூச்சா, பேச்சா, நடையா?

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் நான்கு அறைகள் வைத்து விடுதி நடத்துகிறேன். ஏப்ரல், மே வந்தால் போதும். இ-பாஸ் எடுக்காமல் வந்து மாட்டிக்கொண்டு என்னிடம் கோபப்படுகிறவர், வெந்நீர் வரவில்லை என்று நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர் என்றே நாள் ஓடும். போன சீசன் முடிந்தபோது என் எரிச்சல் எனக்கே தாங்கவில்லை. சரி, தியானம் பழகலாம் என்று இறங்கினேன்.

அதற்கு இங்கே பஞ்சமில்லை. எங்கள் பக்கத்திலேயே 1996-ல் இயேசு சபைப் பாதிரியார் அமா சாமி தொடங்கிய போதி ஜெண்டோ என்ற தியான மையம் இருக்கிறது. ஜென் முறையில் உட்கார வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு: எந்தப் பயிற்சி எதற்கு உதவும் என்ற கணக்கு.

மூச்சைக் கவனிப்பதுதான் எல்லோரும் முதலில் தொடுவது. 1979-ல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில் இதை 8 வாரப் பயிற்சியாக வடிவமைத்தார். 2014-ல் 47 ஆய்வுகளை, 3,515 பேரின் தரவுகளோடு அலசிய தொகுப்பு ஒன்று வந்தது. இத்தகைய தியானப் பயிற்சிகளால் பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன, ஆனால் உடற்பயிற்சி போன்றவற்றைவிட இது மேல் என்பதற்குச் சான்றில்லை என்றது அது. என் அனுபவமும் அதேதான். காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் மனம் லேசாகிறது. பத்து மணிக்கு ஒருவர் பில்லைப் பார்த்துக் குரலை உயர்த்தினால் பழையபடி நெஞ்சு படபடக்கிறது. (மனக்காயம் உள்ள சிலருக்குக் கண்மூடி உட்காருவதே தொந்தரவைக் கூட்டும். அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.)

அந்தப் படபடப்புக்கு விடை தேடியபோதுதான் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் டானியா சிங்கர் குழு நடத்திய ஆய்வு கண்ணில் பட்டது. 300 பேருக்கு மேல், ஒன்பது மாதம், மூன்று பயிற்சிகள். ஒன்று மூச்சு, உடல் கவனிப்பு. இன்னொன்று பரிவு. மூன்றாவது அடுத்தவர் கோணத்தில் யோசிப்பது. கடைசி இரண்டிலும் தினமும் பத்து நிமிடம் இருவர் பேச வேண்டும். பரிவுப் பயிற்சியில் ஒருவர் அன்று தன்னைச் சிரமப்படுத்தியதையும், நன்றியோடு நினைப்பதையும் ஐந்து நிமிடம் சொல்வார். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்பார். பிறகு முறை மாறும்.

அப்புறம் சோதனை. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும், மனக்கணக்கும் போட வேண்டும். மூன்றில் எந்தப் பயிற்சி எடுத்தவர்களும் அழுத்தம் குறைந்ததாகவே சொன்னார்கள். எச்சிலில் அளந்த கார்டிசால் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) வேறு கதை சொன்னது. மூச்சுப் பயிற்சி மட்டும் எடுத்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. மற்ற இரண்டிலும் ஏற்றம் 51 சதவீதம் வரை குறைந்திருந்தது. 2017-ல் வெளியான முடிவு இது. ஒவ்வொருவரும் ஒரு முறைதான் சோதிக்கப்பட்டார்கள், அதனால் ஒரே ஆளின் முன்-பின் ஒப்பீடு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூச்சுப் பயிற்சி வீண் என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. அதே குழு தலைமுடியில் சேரும் கார்டிசாலையும் பார்த்தது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் என்பது மூன்று மாதக் கணக்குப் புத்தகம் மாதிரி. ஆறு மாதப் பயிற்சியில் அது சராசரியாக 25 சதவீதம் இறங்கியது, எந்தப் பயிற்சி என்ற பேதமில்லாமல். நாள்பட்ட பாரம் எதிலும் இறங்கும். நாலு பேர் முறைக்கும்போது எகிறுவதை அடக்கத்தான் பேச்சு வேண்டியிருக்கிறது. கூச்சப்பட்டு மறைப்பதை இன்னொருவர் முன் சொல்லிப் பழகுவதால்தான் இந்தப் பலன் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு நம்பும்படியாகவே படுகிறது.

பரிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் வலியை அப்படியே வாங்கிக்கொள்ளப் பழகினால் மனம் கசக்கும் என்று சிங்கரின் சகா ஓல்கா கிளிமெக்கி 2014-ல் காட்டினார். வலிப்பவர் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கப் பழகியதும் தெம்பு திரும்பியது.

நடை? காலை ஆறு மணிக்கு, வேன்கள் வருமுன், ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். இயற்கைக்கு நடுவே 20 முதல் 30 நிமிடம் இருந்தால் கார்டிசால் வேகமாக இறங்குகிறது என்று மிச்சிகன் ஆய்வு ஒன்று 2019-ல் சொன்னது. கலந்துகொண்டவர்கள் 36 பேர்தான், அதனால் இதில் நான் பெரிதாகப் பந்தயம் கட்டமாட்டேன். ஆனாலும் காசில்லை, துணை வேண்டாம். மே மாத ஹார்ன் சத்தத்தில் மட்டும் பலிக்காது.

என் தேர்வு பேச்சு. மனைவியோடு தொடங்கினேன். ஐந்து நிமிடம் யோசனை சொல்லாமல் கேட்பது இவ்வளவு கஷ்டமா என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது. தனியாக இருப்பவர்கள் நண்பரை ஃபோனில் பிடிக்கலாம். லைப்சிக் ஆய்விலும் பெரும்பாலும் ஃபோன் வழியாகத்தான் பேசினார்கள். மலைக்கிராமத்தில் இருந்தால் சிக்னல் கிடைக்கிற திண்ணை எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.