கடலைக் காட்டிப் பொட்டலில் கட்டிப்போட்டார்கள்: நாயோடு தங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

கோடை விடுமுறையில் நாயையும் கூட்டிக்கொண்டு செட்டிநாட்டுப் பக்கம் தங்கப் போகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பொன்னி ஏழு வயது லாப்ரடார். சாவின் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

'கடற்கரை அருகே, செட்டிநாட்டுச் சூழலில் சொகுசு யர்ட் கூடாரம். செல்ல நாய்களுக்கும் இடமுண்டு' என்பது விளம்பரம். படத்தில் வெள்ளை வட்டக் கூடாரம், பின்னால் நீலக் கடல், வாசலில் ஒரு நாய். இரண்டு இரவுக்கு 11,000 ரூபாய், நாய்க்குத் தனியாக 1,500, திருப்பித் தருவதாகச் சொன்ன முன்பணம் 3,000. அத்தனையையும் ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி வழியாகப் போனோம். அவர்கள் கொடுத்த வழி, தேவகோட்டையைத் தாண்டி, சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பொட்டலில் போய் முடிந்தது. கடல் எங்கே என்று கேட்டேன். "இது தொண்டி ரோடுதானே அண்ணே, காரில் போனால் கடல் வந்துவிடும்" என்றார் மேலாளர். தொண்டி இருப்பது பாக் நீரிணைக் கரையில். அங்கிருந்து இன்னும் வெகுதூரம் போக வேண்டும். வரைபடத்தை நான் முதலிலேயே பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கூடாரமும் பொய். யர்ட் என்பது மங்கோலிய மேய்ப்பர்கள் வாழும் வீடு. மரச்சட்டப் பின்னலின் மேல் கம்பளிப் போர்வை போர்த்தி, உச்சியில் வட்டத் திறப்பு விட்டிருப்பார்கள். கோடையில் அடிப்பக்கப் போர்வையைச் சுருட்டிவிட்டால் காற்று கீழே நுழைந்து உச்சி வழியாக வெளியேறும். இங்கே இரும்புக் குழாய்களின் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய். உச்சியை மழைக்காகத் தைத்து மூடியிருந்தார்கள். நண்பகலில் மின்சாரம் போனது. உள்ளே நின்றால் சூளைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

அந்தச் சூளைக்குள்கூடப் பொன்னியை விடவில்லை. மெத்தை அழுக்காகுமாம். "நாய்க்குத் தனி இடம் இருக்கிறது" என்று சொல்லி, பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அதற்குத்தான் அந்த 1,500 ரூபாய். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை அவளை அங்கே கட்டினோம். அதுதான் நான் செய்த பெரும் தவறு. இன்றுவரை அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நாய்க்கு உள்ளங்கால்களில் மட்டும்தான் வியர்க்கும். மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் அது என்ன செய்யும்? முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது பொன்னியின் ஈறு செக்கச்செவேல் என்றிருந்தது, எச்சில் கயிறாக வழிந்தது, எழுந்து நிற்கக் கால் பின்னியது. குடத்துத் தண்ணீரை அவள்மேல் ஊற்றினோம். ஈரத் துண்டோடு காரில் ஏற்றி, ஏசியை முழுவதும் வைத்து, தேவகோட்டையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். வெப்பமானி 106 டிகிரி காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. உடனே தண்ணீர் ஊற்றியதுதான் காப்பாற்றியது என்றார் அந்த மருத்துவர். சலைன் ஏற்றி, மாலை வரை பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரவு தங்க இடம் தேடியபோது, அதே தெருவில் ஓர் ஆச்சி தன் பழைய வீட்டைத் திறந்துவிட்டார். "நாயை வெளியே கட்ட வேண்டாம், உள்ளே வளவில் விடுங்கள்" என்று அவரே சொன்னார். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் நடுவே திறந்த முற்றமும் இருக்கும் வீடு அது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பொன்னி வயிற்றை ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். அதைப் பார்த்த பிறகுதான் என் மனைவி அழுகையை நிறுத்தினாள்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். தங்காத இரண்டு இரவுக்கும் தர மறுத்தார்கள். முன்பணம் 3,000 ரூபாயையும், கூடாரத்தில் நாய் முடி விழுந்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னி அந்தக் கூடாரத்துக்குள் ஓர் அடிகூட வைக்கவில்லை!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்தது திருச்சியிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரப் படம், பேசிய செய்திகள், பணம் அனுப்பிய சான்று, மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே நாய், அதே கடல். எந்த இடமாக இருந்தாலும், நடுப்பகல் ஒரு மணிக்கு வீடியோ அழைப்பில் உங்கள் நாய் படுக்கப்போகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.