எவ்ரிபிளே: சிவப்புப் புள்ளி மட்டும் இன்னும் எரிகிறது

மொபைல் கேம் ஆடுவதை வீடியோவாகப் பதிவு செய்து பகிர எவ்ரிபிளே என்று ஒரு சேவை இருந்தது. 2014 முதல் 2018 வரை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதலில் சும்மா ஆடுகிறவனாக, அப்புறம் அதை எங்கள் கேமுக்குள் வைத்தவனாக. மூடிப் பல வருடம் ஆன ஒன்றுக்கு இப்போது எதற்கு அனுபவப் பகிர்வு என்று கேட்டால், போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய ஐபேட் மினி கையில் சிக்கியது. அதுதான் காரணம்.

இன்றைக்கு ஸ்க்ரீனை ரெக்கார்ட் செய்ய ஒரு விரல் இழுப்பு போதும். 2014 தொடக்கத்தில் ஐபோனிலும் ஐபேடிலும் அந்த வசதி கிடையாது. நான் கையாண்ட முறை, டிபன் பாக்ஸ்மேல் இன்னொரு போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடிப்பது. வீடியோவில் பாதி என் கட்டைவிரல் இருக்கும், மீதி டியூப்லைட் வெளிச்சம்.

எவ்ரிபிளே இதற்கு வெளியே தேடாமல் கேமுக்கு உள்ளேயே வழி கண்டது. முழு ஸ்க்ரீனையும் பதிவு செய்ய போன் விடவில்லையா, சரி, கேம் தான் அடுத்தடுத்து வரைகிற படங்களை, அதாவது ஃப்ரேம்களை, தானே எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அதனால் நடுவில் வரும் மெசேஜ், மிஸ்டு கால் எதுவும் வீடியோவில் ஏறாது. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே ரீப்ளே பார்க்கலாம், முன்னும் பின்னும் வெட்டலாம், நாலு வார்த்தை எழுதி ஏற்றலாம். ஃபேஸ்கேம் போட்டால் ஆடுகிறவர் முகம் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் தெரியும்.

இதைச் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். ஹெல்சின்கியில் இருந்த அப்லிஃபயர் என்ற நிறுவனம், தலைவர் யுஸ்ஸி லாக்கோனென். ஃபேஸ்புக் கேம்கள் ஒன்றையொன்று விளம்பரம் செய்துகொள்ளும் வலையமைப்பாகத் தொடங்கி, 2012-இல் எவ்ரிபிளேக்கு வந்தார்கள். 2014 மார்ச்சில் அப்லிஃபயரை யூனிட்டி வாங்கியது, கேம் செய்வதற்கான மென்பொருளைத் தரும் நிறுவனம். அந்த யூனிட்டி மென்பொருளில்தான் நானும் நண்பரும் சனி ஞாயிறுகளில் ஒரு காத்தாடி கேம் செய்துகொண்டிருந்தோம். டீல் விட்டு அடுத்தவன் காத்தாடியை அறுக்க வேண்டும், அவ்வளவுதான். (நிஜத்தில் மாஞ்சா நூலுக்குத் தடை. கழுத்தை அறுக்காத மாஞ்சா எங்களுடையது மட்டும்தான் என்று சொல்லிக்கொள்வோம்.) ஆப் ஸ்டோரில் கேமை வைக்க ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர் கட்டவே இருவரும் பாதிப் பாதி போட்டவர்கள், இலவசமாக ஒரு கருவி கிடைத்தால் விடுவோமா?

உள்ளே வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எல்லாம் ஒற்றை வரிக் கட்டளைகள்: ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஸ்டார்ட் ரெக்கார்டிங், முடியும் இடத்தில் ஸ்டாப் ரெக்கார்டிங், ஷேர் பட்டனுக்குப் பின்னால் பகிரும் பெட்டியைத் திறக்கும் ஷோ ஷேரிங் மோடல். செட் மெட்டாடேட்டா என்று இன்னொன்று உண்டு. அதில் ஸ்கோர், லெவல் இரண்டையும் அனுப்பினால் வீடியோவோடு ஒட்டிக்கொள்ளும். இந்தப் போனில் ரெக்கார்ட் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்கும் வரியும் இருந்தது. ஆண்ட்ராய்டில் அது மிகவும் அவசியம். நண்பரிடம் இருந்த ஒரு மலிவு போனில் ரெக்கார்டிங் ஓடினால் காத்தாடி இரண்டு அடி பறக்கும், அரை நொடி யோசிக்கும், மறுபடி பறக்கும். அந்த மாதிரி போன்களில் பட்டனையே மறைத்துவிட்டோம்.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று கிடைத்தது. கேம் உடைந்தால் அதன் ரிப்போர்ட் வரும். ஆடுகிறவன் எங்கே எரிச்சலாகிறான் என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. கிளிப்புகள் சொல்லின. ஒரு பையன், ஃபேஸ்கேமில் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடுகிறான். நாலாவது லெவலில் மொட்டைமாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி. அவன் காத்தாடி கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊடுருவிப் போகிறது, சிக்கவே இல்லை. பையன் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்துபோய்ப் பார்க்கிறான். அப்புறம் திரும்பத் திரும்ப அதையே செய்கிறான், ஏழு தடவை. பின்னால் யாரோ எங்களுக்குத் தெரியாத ஒரு மொழியில் அவனைக் கூப்பிடுகிறார்கள், சாப்பிடத்தான் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு மாதம் சோதித்தும் கண்ணில் படாத ஓட்டை அது. வேகமாக நூலை இழுத்தால் ஒரே ஃப்ரேமில் காத்தாடி கம்பியைத் தாண்டிவிடுகிறது, மோதலை கேம் கவனிப்பதே இல்லை. அன்றைக்கு இரவே சரி செய்தோம். அந்தப் பையனுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

மொத்தம் 61 கிளிப்புகள் வந்தன. பெரும்பாலானவற்றுக்கு மூன்று பார்வை, அதில் இரண்டு நாங்கள். எங்கள் கேம் அப்படி ஒன்றும் பெரிதில்லை, அதில் வருத்தமும் இல்லை. ஆனால் என் வழக்கத்தையே கவனித்தபோது ஒன்று புரிந்தது. ஒரு கேமில் மாட்டிக்கொண்டால் நானே யூடியூபுக்குத்தான் போய்த் தேடுவேன். எவ்ரிபிளேயில் ஏற்றுவேன், அங்கே போய்ப் பார்க்க மாட்டேன். ஒரு ஜிபி 3ஜி டேட்டா 200 ரூபாய்க்கு மேல் விற்ற காலத்தில், முன்பின் தெரியாதவர் காத்தாடி விடுவதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

அப்புறம் எவ்ரிபிளேயின் மூலதனமே பறிபோனது. ஆண்ட்ராய்டு 5.0 வந்தபோது ஸ்க்ரீனைப் பதிவு செய்யும் வழியை கூகுளே எல்லா ஆப்களுக்கும் திறந்தது. 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் ஆப்பிள் ரீப்ளேகிட் என்று ஒன்றைக் கொடுத்தது, கேமுக்குள்ளிருந்து ரெக்கார்ட் செய்து பகிர்வதற்கு. 2017-இல் ஐஓஎஸ் 11 அதை கன்ட்ரோல் சென்டரில் ஒரு பட்டனாகவே வைத்தது. கஷ்டப்பட்டுக் கட்டிய வித்தை போனோடு இலவசமாக வருகிறது. மிச்சமிருப்பது வீடியோ பார்க்க வரும் கூட்டம். அது யூடியூபிலும், கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டும் ட்விட்சிலும் இருந்தது.

இதே துறையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் காம்கார்ட் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தது. புது நிறுவனங்களை வளர்த்துவிடும் ஒய் காம்பினேட்டரில் இருந்து 2012-இல் வந்த நிறுவனம், சீனாவின் டென்சென்ட் பணம் போட்டிருந்தது. 2014 ஆகஸ்டில் அமேசான் 97 கோடி டாலருக்கு ட்விட்சை வாங்கியதும் எல்லோருக்கும் நேரலை மோகம் பிடித்த நேரம். காம்கார்டும் 2015-இல் மொபைல் கேம் நேரலைக்குப் போனது. 2017-இல் மூடியது. அதை உருவாக்கியவர்கள் லிஃப்ட் டாக்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆக, கிளிப்பில் நின்றவர்களும் நிலைக்கவில்லை, லைவுக்குத் தாவியவர்களும் நிலைக்கவில்லை.

எனக்கு இதில் சுவாரசியமான விஷயம் வேறு. அப்லிஃபயரோடு யூனிட்டிக்கு வந்தவை இரண்டு, எவ்ரிபிளே ஒன்று, கேம்ஆட்ஸ் என்ற வீடியோ விளம்பரச் சேவை இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் யூனிட்டி ஆட்ஸ் ஆனது. முப்பது நொடி விளம்பரம் பார்த்தால் காயின் தருகிறார்களே, அந்த வகை. 2014 கடைசியில் வந்த கிராஸி ரோடு என்ற மொபைல் கேம் முதல் 90 நாளில் ஒரு கோடி டாலர் ஈட்டியது, அதில் 30 லட்சம் யூனிட்டி ஆட்ஸ் வழியாக. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஒரு நிறுவனம் எந்தப் பிள்ளைக்குச் சோறு போடும்? நாங்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை. எங்கள் கேமிலும் ஷேர் பட்டனைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் 'விளம்பரம் பார், நூல் வாங்கு' என்று வைத்தோம். ஒரே மாதத்தில் டீக்காசு வந்தது. கிளிப்புகள் நின்றுபோயின.

2018-இல் எவ்ரிபிளேயை மூடிவிட்டார்கள். அப்போது நான் வேலை மாறி, ஊர் மாறி, கேம் பக்கமே போகாமல் இருந்தேன். அந்தக் கணக்குக்கு என்று வைத்திருந்த பழைய மின்னஞ்சலைத் திறந்தே பல மாதம் ஆகியிருந்தது. விஷயம் காதுக்கு வந்து ஓடிப் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. 61 கிளிப்பில் ஒன்றைக்கூட நான் இறக்கி வைத்திருக்கவில்லை. இது முழுக்க என் சோம்பேறித்தனம். நாலு வருடம் இருந்தது, ஒரு மாலை ஒதுக்கியிருந்தால் போதும். இப்போதெல்லாம் எங்கே எதை ஏற்றினாலும் முதலில் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்கில்.

அந்த ஐபேட் மினியை சார்ஜில் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்துத்தான் உயிர் வந்தது. காத்தாடி கேம் அப்படியே இருக்கிறது, கம்பி ஓட்டையைச் சரி செய்வதற்கு முந்தைய பதிப்பு. ரெக்கார்ட் பட்டனைத் தட்டினேன், சிவப்புப் புள்ளி எரிந்தது. நாலாவது லெவல், நூலை வெடுக்கென்று இழுத்தேன், காத்தாடி கம்பியைத் தாண்டிப் போனது. நிறுத்தியதும் ரீப்ளே ஓடியது, எந்தக் குறையும் இல்லை. ஷேரைத் தட்டியதும் வட்டம் சுற்றத் தொடங்கியது. சமையலறையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போய்த் திரும்பி வந்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.