நமீபியக் கடற்காற்றில் மூன்று இரவுகள்: ஒரு கூடாரத்தின் மதிப்புரை

கடல்நாய்களை (சீல்) பார்ப்பதற்காக, நமீபியக் கடற்கரையில் அவை கூட்டமாக வாழும் கேப் கிராஸ் பக்கம், அனுமதிக்கப்பட்ட முகாமிடத்தில், இந்த இருவர் கூடாரத்தில் மூன்று இரவுகள் தங்கினேன். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கூடாரத்துடன் வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழுந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தேன். அதன்பின் கூடாரம் அசையவில்லை. அகலமான மணல் முளைகளைத் தனியாக வாங்கிச் செல்லுங்கள்.

வலைக்கதவு வழியாகப் பொடிமணல் புகுந்து, தொலைநோக்கியின் திருகுவரை போய்விட்டது. ஆனால் வெளித்துணி அருமை! குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தின் மேல் திரளும் மூடுபனி விடியும்வரை சொட்டிக்கொண்டிருந்தது. என் உறக்கப்பை நனையவே இல்லை.

அந்தத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்பது காலையில்தான் புரிந்தது. நவம்பர், டிசம்பர் மாதங்கள் கடல்நாய்கள் குட்டி ஈனும் காலம். ஆயிரக்கணக்கான குரல்களுக்கு நடுவே ஒரு தாய் தன் குட்டியின் கத்தலை அடையாளம் கண்டு, தவழ்ந்து சென்று முகர்ந்து பார்த்தது. சற்றுத் தள்ளி ஒரு குள்ளநரி காத்திருந்தது. இரண்டு மணி நேரம் நகராமல் நின்றேன்.

கடல்நாய்களின் நாற்றம் கூடாரத் துணியில் ஏறிவிடும். இரண்டு முறை அலச வேண்டியிருந்தது.