குமரி ஈரக்காற்றில் அம்புக்கு றெக்கை ஒட்டுதல்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

அம்பிலிருந்து றெக்கை பிய்ந்து விழுந்ததும் பசையைத் திட்டுவதற்கு முன், விழுந்த றெக்கையைத் தேடி எடுத்து அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பசைப் படலம் முழுசாக றெக்கையோடு வந்து, தண்டு வழவழவென்று இருந்தால் தண்டைச் சரியாகத் துடைக்கவில்லை. பசை தண்டிலேயே தங்கி, றெக்கை வெறுமனே வந்திருந்தால் றெக்கையின் அடியில் கை பட்டிருக்கிறது. அல்லது அச்சில் வார்த்தபோது படிந்த வழுக்கல் போகவில்லை. இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்துக் கிடந்தால், அழுத்துவதற்கு முன்பே பசை இறுகிவிட்டது. நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் அடிக்கடி பார்ப்பது முதலாவதும் மூன்றாவதும்தான். எந்தக் கம்பெனி றெக்கை என்பது இங்கே இரண்டாம்பட்சம். எண்ணெய், உப்பு, ஈரம் இந்த மூன்றையும் ஒதுக்கத் தெரிந்தால் சுமாரான றெக்கைகூட ஒரு சீசன் தாங்கும்.

இதில் சொல்வதெல்லாம் கார்பன் தண்டு, ரிக்கர்வ் வில் (இரு நுனியும் முன்பக்கம் வளைந்தது) இரண்டையும் வைத்து. கப்பி வைத்த காம்பவுண்டு வில்லில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது.

முதலில் எண்ணெய். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்காத வீடு குறைவு. தலையைக் கோதிய கையால் தண்டைத் தொட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருவது முதல் வேலை. அடுத்தது உப்பு. கடலோர மைதானத்தில் மாலை முழுக்க நின்ற அம்பில் மெல்லிய உப்பு இருக்கும். ஸ்பிரிட் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. அதனால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை, அதன்பிறகே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் கிடைத்தால் அதுதான் நல்லது. 70 சதவீதத்தில் மீதி தண்ணீர் என்பதால் துடைத்தபின் நன்றாகக் காயவிட வேண்டும். சானிடைசரை எடுத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் சேர்த்திருக்கும், அது அப்படியே தண்டில் தங்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டிலும் சிலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், பாட்டில் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம். அசிட்டோனைத் துணியில் தொட்டு ஒரே இழுப்பாகத் துடைக்கலாம். ஊறவிட்டால் தண்டின் ரெசினைக் கெடுக்கும், ஒட்டியிருக்கும் மற்ற றெக்கைகளையும் இளக்கிவிடும்.

துடைத்த துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது. தண்டை முனைப் பக்கமாகவே பிடித்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

பழைய றெக்கையை எடுப்பதில் அவசரம்தான் எதிரி. புதுப் பிளேடு வேண்டாம், அது கார்பன் நாருக்குள் இறங்கும். மழுங்கிய கத்தியைத் தண்டோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, நாக் (அம்பின் பின்னால் நாணைக் கவ்வும் சின்னத் துண்டு) பக்கமிருந்து முனைப் பக்கமாக றெக்கையின் அடியில் நுழைத்துத் தள்ளினால் பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். மிச்சப் பசையைச் சுரண்டும்போதும் அதே படுக்கைக் கோணம். தண்டின் மேல் பூச்சு போய் நார் நிமிர்ந்து தெரிந்தால், அந்த அம்புக்கு இனி றெக்கை வேண்டாம், ஒதுக்கி வைத்துவிடுங்கள். நல்லதாகத் தெரிகிற தண்டையும் இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, சுழற்றிச் சுழற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். சின்ன வெடிப்புச் சத்தம் வந்தாலும் எய்யக்கூடாது. விரிசல் விட்ட கார்பன் தண்டு நாணை விட்ட கணத்தில் உடைந்து கைக்குள் ஏறும். றெக்கைக்கு அடியில் தண்டைச் சுற்றி ஒட்டும் ரேப் ஸ்டிக்கர் உள்ள அம்பு என்றால் வேலை லேசு: நாக் துண்டைக் கழற்றி, அந்த முனையைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் ஸ்டிக்கர் றெக்கையோடு சேர்ந்து உரிந்து வரும். உள்ளே போன தண்ணீரை வடித்துக் காயவிட மறக்கக் கூடாது.

இனி பசை. இரண்டு வகைதான் கணக்கு. ஒன்று சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் குளூ இனம். இன்னொன்று கரைப்பான் ஆவியாகி இறுகும் வகை. போனிங் கம்பெனியின் ஃப்ளெட்ச்-டைட் பிளாட்டினம் அந்த இனம். சயனோஅக்ரிலேட் இறுகுவதற்குக் காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம்தான் காரணம். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் அது சொன்னபடி கேட்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் அந்த அளவு அமைவதே அபூர்வம். ஈரம் கூடினால் பசைக் கோட்டின் மேல் உடனே தோல் கட்டும். அதன் மேல் றெக்கையை அழுத்தினால் ஒட்டியதுபோல் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. ஓரத்தில் பனிபோல் வெள்ளை பூப்பதும் இதனால்தான்.

அதற்காகச் சயனோஅக்ரிலேட் ஆகாது என்றில்லை. பிப்ரவரி, மார்ச் மாதப் பகல்வேளையில் அருமையாக வேலை செய்கிறது. மழைக்காலத்தில் வேறு வழியில்லை என்றால் கதவைச் சாத்தி, ஏசி ஓடுகிற அறையில் செய்யுங்கள். பசையைக் கோடு இழுத்த ஐந்து வினாடிக்குள், றெக்கையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தண்டில் உட்கார்ந்துவிட வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கிற சின்ன டியூப் தண்ணீர்போல் ஓடும், இறுகினால் கண்ணாடிபோல் முறுகும். அம்பு தெர்மாகோலில் பட்டுச் சடாரென நிற்கிற அதிர்ச்சியில் றெக்கை தெறிக்க அந்த முறுகலே போதும். வில்வித்தைக்கென்று வருகிற பசையில் கொஞ்சம் நெகிழ்வு சேர்த்திருக்கும். விலை கூடத்தான், ஆனால் வித்தியாசம் தெரியும்.

கரைப்பான் வகைக்கு ஈரத்தைப் பற்றிக் கவலை குறைவு. அதற்கு விலையாக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு றெக்கைக்குக் கிளாம்பில் 10 நிமிடம் என்று வைத்தால், ஒரு டஜன் அம்புக்கு 36 றெக்கை, ஒற்றைக் கிளாம்ப் ஜிக்கில் (றெக்கை ஒட்டத் தண்டைப் பிடித்து வைக்கும் சட்டம்) 6 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஜூன் முதல் நவம்பர் வரை ஒட்டுவதற்கு இதைத்தான் பரிந்துரைப்பேன், வாங்கும் றெக்கையின் பாக்கெட்டில் இந்தப் பசை ஒத்துவரும் என்று போட்டிருந்தால்.

பசைப் பாட்டிலைப் பாதுகாப்பதிலும் ஒரு கவனம். திறந்த சயனோஅக்ரிலேட்டை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்த உடன் திறக்காதீர்கள். குளிர்ந்த மூக்கில் ஈரம் பூத்து, பாட்டில் வாயிலேயே கட்டிவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

ஜிக் விஷயத்தில் செலவு செய்ய மனமிருந்தால் உலோகத்தில் வரும் பிட்சன்பர்கர். நாக் துண்டை அதன் அடித்தாங்கியில் செருகி, குமிழைத் திருப்பினால் 120 பாகைக்கு ஒரு சொடுக்கு. காந்தம் கிளாம்பைப் பிடித்துக்கொள்ளும். கிளாம்பில் நேர், வலத் திருகு, இடத் திருகு என்று மூன்று வகை. மூன்று றெக்கையும் ஒரே நேரத்தில் அமர்த்தும் பிளாஸ்டிக் ஜிக் வேகமானது, ஆனால் கோணத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எதுவானாலும் தண்டின் தடிமன் மாறினால் ஜிக்கை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். தடித்த அலுமினியத் தண்டுக்கு அமைத்ததில் மெல்லிய கார்பனை வைத்தால் றெக்கையின் ஒரு முனை மட்டும் தண்டைத் தொடும். பசை இல்லாமல் கிளாம்பை உட்காரவைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். அடியில் எங்கேயாவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்த இடம்தான் முதலில் பெயரும்.

பிளாஸ்டிக் றெக்கைக்கு நேர் கிளாம்பில் 1 முதல் 2 பாகை சாய்வு போதும். றெக்கையின் பின்முனை நாக் பள்ளத்திலிருந்து 25 முதல் 32 மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும், ரிக்கர்வில் விரலும் முகமும் படாமலிருக்க இந்த இடைவெளி தேவை. விரலுக்குப் பதில் ரிலீஸ் கருவியால் நாணைப் பிடித்து விடும் காம்பவுண்டுக்காரர்கள் இன்னும் நெருக்கமாக ஒட்டலாம். கிளாம்பில் றெக்கையைச் செருகும்போது அடிப்பட்டை அரை மில்லிமீட்டர்தான் வெளியே தெரிய வேண்டும். பாட்டில் மூக்கை அடிப்பட்டையில் உரசியபடி முன்முனையிலிருந்து பின்முனைவரை தையல் நூல் பருமனுக்கு ஒரே கோடு. அழுத்தியதும் ஓரத்தில் முத்துப்போல் பிதுங்கினால் பசை அதிகம். அதைத் துடைக்கப் போனால் றெக்கை நகரும், அப்படியே விடுங்கள், அடுத்ததில் குறையுங்கள். சயனோஅக்ரிலேட் என்றால் 20 முதல் 30 வினாடி கிளாம்பில். மூன்றும் ஒட்டியபின் ஒவ்வொன்றின் முன்முனையிலும் பின்முனையிலும் ஊசிமுனைத் துளி ஒன்று. இலக்குக்குள் நுழையும்போது முன்முனைதான் முதலில் உரசுகிறது; அந்தத் துளி இல்லாத அம்பு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். மறுநாள்வரை எய்யாமல் வைப்பது நல்லது.

ஸ்பின் விங் வேறு ஜாதி. பிளாஸ்டிக் தகட்டை வளைத்தாற்போன்ற மெல்லிய றெக்கை, ஜிக் தேவையில்லை, இரட்டைப் பக்க டேப்பில் நிற்கும். தண்டில் மூன்று கோடு துல்லியமாகப் போட்டு, கோட்டின் மேல் டேப், டேப்பின் மேல் றெக்கை, கடைசியாக முன்னும் பின்னும் மெல்லிய டேப்பை இழுத்துச் சுற்றல். வலது, இடது என்று இரண்டு சுழற்சியில் வரும். ஒரே செட்டில் கலந்துவிடக் கூடாது. எடை மிகக் குறைவு, உயரமும் குறைவு, நன்றாகச் சுழல்கிறது. குறை என்னவென்றால் எளிதில் கிழியும், வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் வளைவு மாறும், நம் ஈரத்தில் டேப் சீக்கிரம் பிடிப்பிழக்கும். டேப் சுருளை ஜிப் கவரில் வையுங்கள். முன் டேப்பின் நுனியில் ஒரு சொட்டுப் பசை தொட்டுவிட்டால் உரியாது. களத்திலேயே இரண்டு நிமிடத்தில் மாற்ற முடிவது இதன் பெரிய பலம்.

எது யாருக்கு என்றால், 70 மீட்டர் ரிக்கர்வுக்கு ஸ்பின் விங் அல்லது உயரம் குறைந்த சின்ன றெக்கை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று. ஆனி ஆடியில் அந்தப் பக்கம் எய்பவர்களுக்குப் பக்கவாட்டுக் காற்று எவ்வளவு தள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. றெக்கையின் பரப்பு கூடக்கூட அது தள்ளுவதும் கூடும். 18 மீட்டர் உள்ளரங்கத்தில் காற்று இல்லை, அங்கே பெரிய றெக்கையோ இயற்கை இறகோ அம்பைச் சீக்கிரம் நேராக்கும். மூங்கில் வில்லில் 30, 50 மீட்டர் எய்யும் இந்தியன் ரவுண்டு பிள்ளைகளுக்கு நடுத்தர அளவு, மலிவான மென்பிளாஸ்டிக் போதும். அவர்கள் அம்பு மாற்றுவது அதிகம். இயற்கை இறகு சாரலில் நனைந்தால் தொய்ந்துவிடும். கெண்டி ஆவியில் காட்டினால் திரும்ப நிமிரும் என்றாலும் ஜூன், ஜூலையில் அதை வைத்து மாரடிக்க வேண்டாம்.

றெக்கை வில்லில் உரசுகிறதா என்பதைச் சந்தேகத்தோடு விடாதீர்கள். றெக்கை ஓரங்களில் லிப்ஸ்டிக் தடவி எய்தால், உரசும் இடத்தில் அம்பு உட்காரும் ரெஸ்டிலோ, பக்கவாட்டில் தண்டைத் தாங்கும் பட்டனிலோ சிவப்புப் படியும். ரிக்கர்வில், மூன்றில் தனி நிறத்தில் இருக்கும் றெக்கை வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். படிந்தால் நாக் துண்டை இம்மி இம்மியாகத் திருப்பிச் சரிசெய்யலாம், திரும்ப ஒட்ட அவசியமில்லை.

ஒரே றெக்கைதான் போயிற்று என்றால் அதை மட்டும் மாற்றலாம், அதே மாடல், அதே நிறம் கையில் இருந்தால். போட்டி விதிப்படி ஒருவர் எய்யும் அம்புகளின் றெக்கை, நாக் நிறமும் அமைப்பும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதனால் வாங்கும்போதே ஒரு பாக்கெட் கூடுதலாக எடுத்து வையுங்கள். அம்புகளுக்கு எண் போடுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப ஒதுங்கிப் போனால், றெக்கை ஓரத்தில் கண்ணுக்குப் படாத சுருக்கமோ பாதி விட்ட பின்முனையோ இருக்கும். நகத்தால் ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்தபிறகும் றெக்கை போய்க்கொண்டே இருந்தால் இலக்கின் நடுவைப் பாருங்கள். பல மைதானங்களில் இலக்குப் பலகையின் நடுப்பகுதி எய்து எய்து பொக்கையாகி, அம்பு றெக்கைவரை உள்ளே போய்விடுகிறது. அதைப் பின்பக்கமாக உருவாமல் முன்னால் இழுத்தால் எந்தப் பசையும் நிற்காது. இலக்குத் தாளை ஒரு சாண் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள், அல்லது நடுத் துண்டை மாற்றச் சொல்லுங்கள். தாளைத் தள்ளிக் குத்துவது ஒரு பசைப் பாட்டிலைவிட மலிவு.