கொடை மேடைக்கு எந்த ஃபஸ்: ஜெர்மானியமா, சிலிக்கானா?

போன சித்திரையில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு கிடார் வாசித்துவிட்டு வந்த பிறகுதான், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடலை (கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் காலடிப் பெட்டி) ஓரங்கட்டிவிட்டு சிலிக்கான் டிரான்சிஸ்டரில் ஒன்று கட்டினேன். இரண்டுமே 1966-ல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்தான். இரண்டே டிரான்சிஸ்டர், சில்லறையாகக் கொஞ்சம் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், ஒரு 9 வோல்ட் பேட்டரி. முதல் டிரான்சிஸ்டர் கிடாரின் சன்னமான சிக்னலைப் பெருக்கும், இரண்டாவது அதை இன்னும் பெருக்கப் பார்த்து பேட்டரி வோல்ட்டில் முட்டிக்கொள்ளும். அலையின் தலையும் காலும் வெட்டுப்படுவதுதான் அந்தக் கரகரப்பு.

சத்தம் மட்டும் என்றால் ஜெர்மானியம்தான், மறுக்கவில்லை. உருண்டையாக இருக்கும், கிடார் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு வடிந்துவிடும். சிலிக்கானில் காரம் ஜாஸ்தி, குறைத்தாலும் அவ்வளவு அடங்காது.

ஆனால் நம்ம ஊர் வெயில் இருக்கிறதே. ஜெர்மானியத்தில் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரண்ட் கசியும், சூடு பத்து டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில், அதாவது சிக்னல் வெளியே வரும் காலில், நாலரை வோல்ட் வாக்கில் நின்றால்தான் அலை இரண்டு பக்கமும் ஆட இடமிருக்கும். மார்கழி விடியலில் மல்டிமீட்டரை வைத்து டிரிம்பாட்டை, அதாவது திருகி அளவு மாற்றும் குட்டி ரெசிஸ்டரை, திருகி அதை நிறுத்தியிருந்தேன். மேடையிலோ தலைக்கு மேல் ஃபோகஸ் லைட், காலடியில் பகல் முழுக்கக் காய்ந்த பலகை. சூட்டில் கசிவு ஏறி அந்த நாலரை நகர்ந்துவிட, இரண்டாவது பாட்டிலேயே சுரம் பாதியில் அறுந்து அறுந்து விழுகிறது, செத்த பேட்டரி மாதிரி. கீபோர்டு அண்ணாச்சி, "என்னடே, ஒயரு போச்சா?" என்கிறார். அவர் குடிக்க வைத்திருந்த ஜில்லென்ற பன்னீர் சோடா பாட்டிலை வாங்கி பெடல் மேல் சாய்த்து வைத்தேன், இரண்டு பாட்டு தள்ளி சத்தம் திரும்பியது. கொடைக்குக் கொடை சோடா வாங்கிக்கொண்டிருக்க முடியுமா?

பிசி108 என்ற டிரான்சிஸ்டர் போட்ட சிலிக்கான் பெடலில் கசிவு மிகச் சொற்பம். வைகாசி, ஆடி என்று இரண்டு கொடை ஆகிவிட்டது, டிரிம்பாட்டைத் தொடவே இல்லை. காரத்தைக் குறைக்க முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் (சிக்னல் நுழையும் கால்) நடுவே 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று பற்றவைத்தேன், இடையிடையே நுழைந்த ரேடியோ சத்தமும் அதோடு நின்றது. அப்புறம், பழைய ஜெர்மானியம் பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பேட்டரியின் பிளஸ் பக்கம் கிரவுண்டில் இருக்கும், அதனால் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்ட முடியாது. இதில் அந்த வம்பில்லை.

நான் வாசித்துப் பார்த்தது ஒரே ஒரு ஜோடி ஜெர்மானியம். கசிவு குறைந்த ஜோடியாகப் பொறுக்கியிருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டேனோ என்னவோ. அதை விற்கவில்லை. அடுத்த ஆனியில் சாரல் தொடங்கியதும் தென்காசி சித்தி வீட்டுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன்.