செட்டிநாட்டு வீட்டில் நாஸ் பெட்டி: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

இரண்டு டிஸ்க் போடுகிற சின்ன நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் போட்டு எடுக்கிற சேமிப்புப் பெட்டி), உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, 600 விஏ யுபிஎஸ், முகப்பிலிருந்து பின்பக்கத்து இரண்டாங்கட்டு வரை ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள். காரைக்குடிப் பக்கம் ஒரு பங்காளி வீட்டில் சில வருடமாக ஓடுகிற அமைப்பு இவ்வளவுதான். கல்யாண வீடியோ, மணிவிழா, படைப்புப் போட்டோக்கள், பர்மா, மலாயாவிலிருந்து வந்த பழைய கடிதங்களின் ஸ்கேன், இசைகுடிமானம் (கல்யாணப் பதிவோலை), வீட்டுப் பத்திரம் எல்லாம் இதில்தான். பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேர் தெரிந்த எந்தக் கம்பெனியின் பெட்டியும் இந்த வேலையைச் செய்யும். வீடுதான் பிரச்சினை. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், சுவர் கனம், வயரிங் பழசு. சென்னை ஃபிளாட்டுக்கு எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே வாங்கினால் முதல் கோடையிலேயே சிக்கல் வரும்.

முதலில் கரண்ட். வீட்டைப் பூட்டும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம், நியாயமானதும்கூட. ஆனால் அதோடு நாஸும் நின்றுபோகும், சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போட்டோ திறக்காது. அதைவிட மோசம், யுபிஎஸ்ஸுக்குள் இருக்கிற 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்து செத்துவிடும். தானாகவே சார்ஜ் இறங்கும், தகட்டில் சல்பேட் படியும், அதன்பின் சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, நாஸ் இருக்கிற அறைக்கும் ரவுட்டருக்கும் மட்டும் தனி எம்சிபியில் (போர்டில் இருக்கிற டிரிப் சுவிட்ச்) ஒரு லைன் பிரித்துக்கொள்வதுதான் தீர்வு. பூட்டும்போது மற்றதை எல்லாம் இறக்கலாம், அந்த ஒன்றை விட்டுவிட வேண்டும். எம்சிபி மேல் பெயின்ட்டில் ஒரு குறி போடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாறினாலும் குறி இருக்கும்.

அடுத்தது எர்த். பழைய சுவிட்ச் போர்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் வயரே வந்திருக்காது. நாஸின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுரீர் என்று இழுப்பதும், டெஸ்டர் மங்கலாக எரிவதும் இதனால்தான். பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக வருகிற சின்னக் கசிவு போக இடமில்லாமல் உடம்பிலேயே நிற்கிறது. எர்த் இல்லாத போர்டில் செருகிய சர்ஜ் புரொடெக்டர் பாதி வேலைதான் செய்யும், ஏனென்றால் மிகை மின்னழுத்தத்தை இறக்கிவிட அதற்கும் எர்த் தேவை. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பரவாயில்லை. பத்து, இருபது எனக் காட்டினால் முதல் செலவு எர்த் குழிக்கு, இரண்டாவதுதான் நாஸுக்கு.

யுபிஎஸ் வாங்கும்போது பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் இருக்காது. அந்தக் கேபிள் இல்லாவிட்டால் பேட்டரி தீரப்போவது நாஸுக்குத் தெரியாது, எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடும். கேபிள் இருந்தால் குறிப்பிட்ட அளவுக்கு பேட்டரி இறங்கியதும் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். நாஸ், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் சேர்ந்து 40 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கும், புது பேட்டரியில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அமைப்பில் 'கரண்ட் வந்ததும் தானாகத் தொடங்கு' என்பதை மறக்காமல் இயக்கிவிடுங்கள். பூட்டிய வீட்டில் பட்டனை அமுக்க ஆள் கிடையாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு கவனம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ்ஸைப் போட்டால், அந்தக் கரண்டை அது கெட்ட கரண்ட் என்று எடுத்துக்கொண்டு அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். டிக் டிக் என்று ரிலே சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் போகும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. யுபிஎஸ் பேட்டரி இரண்டு, மூன்று வருடம்தான். மாற்றிய தேதியை மார்க்கரில் அதன் மேலேயே எழுதி வைப்பது நல்லது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது, ஆனாலும் பேட்டரிக்குத் தேதி எழுதி வைக்கிற வீடு அபூர்வம்.

சுவரும் கேபிளும் அடுத்த விஷயம். ஃபைபர் போட வருகிறவர் முகப்போடு நிறுத்திக்கொள்வார், ரவுட்டர் திண்ணைப் பக்கம் ஆணியில் தொங்கும். கனமான செங்கல், சுண்ணாம்புச் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ், முற்றம் இருக்கிற வளவு வரை வரும், இரண்டாங்கட்டில் பெயருக்கு இருக்கும். வைஃபையை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்துகிற மெஷ் பெட்டிகளை கம்பியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகும், அதுவும் சுவர் விட்டால்தான். கேபிள் இழுத்து, கடைசியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (அங்கிருந்து வைஃபை கொடுக்கிற பெட்டி) வைப்பதே காசுக்குத் தகுந்த வழி. ஈதர்நெட்டின் வரம்பு 100 மீட்டர், தெருவுக்குத் தெரு போகிற வீடுகளுக்கும் பொதுவாக அது போதும்.

கேபிள் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லி, உள்ளே இருக்கிற கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் சரி. வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, அது வேண்டாம். வளைவில் ஒடியும், முனையில் தளரும். ஒடிந்தால் இணைப்பு எப்போதும் அறுந்துபோகாது, பல நேரம் சத்தமில்லாமல் ஜிகாபிட்டிலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ஃபைல் காப்பி ஆகும்போது வேகம் விநாடிக்கு 11 எம்பியிலேயே முட்டிக்கொண்டு நின்றால் ஏதோ ஒரு ஜோடிக் கம்பி போய்விட்டது என்று அர்த்தம். நன்றாக இருக்கிற லைனில் 110 வரை வரும்.

தேக்கு நிலையைத் துளைக்க யாரையும் விடாதீர்கள். மேலே காற்றுக்கு விட்ட சன்னல் துவாரம் எப்படியும் இருக்கும், அதன் வழியாக எடுக்கலாம். சுண்ணாம்புப் பூச்சில் கிளிப் அடித்தால் பூச்சு பெயர்ந்து வரும். மரத்தை ஒட்டி பிவிசி கேசிங்கில் கொண்டுபோவது சுத்தம். வளவின் திறந்த முற்றத்தைக் குறுக்கே தாண்டுகிற இடத்தில் மட்டும் செம்புக் கேபிள் வேண்டாம். கோடை இடி மழையில் பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த நீளமான கம்பியே மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுவந்து நாஸின் நெட்வொர்க் போர்ட்டை எரித்துவிடும். அந்தத் துண்டுக்கு ஃபைபரும், இரு முனையிலும் ஃபைபரையும் செம்பையும் இணைக்கிற மீடியா கன்வெர்ட்டரும் போதும். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது.

நாஸ் வைக்க நல்ல இடம் உள்ளறை. சுவரின் கனம் இங்கே உதவிக்கு வருகிறது, வெளியே 40 டிகிரி அடிக்கிற மே மாதத்திலும் அறை அவ்வளவு கொதிக்காது. டிஸ்க்கின் வெப்பம் 45க்குக் கீழே நின்றால் நிம்மதி. இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் திருட்டு போகாது, டிஸ்க் போகும். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சி என்று கீழேயும் வைக்க வேண்டாம், தரை கழுவுகிற வீடு இது. மூன்றடி உயரத்தில் திறந்த தட்டு, பின்பக்கம் நாலு விரல் இடைவெளி. உதிர்கிற சுண்ணாம்புத் தூள் ஃபேன் இறகில் மாவு போலப் படியும், வீடு திறக்கும்போதெல்லாம் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல்லியை மறக்காதீர்கள். யுபிஎஸ்ஸின் வெதுவெதுப்புக்கு அது உள்ளே போகும், சர்க்யூட் மேல் செத்து ஷார்ட் ஆக்கும். காற்றுத் துளைகளின் மேல் நைலான் கொசுவலைத் துண்டை ஒட்டினால் போதும், காற்றும் போகும்.

டிஸ்க் தேர்வில் ஒரே ஒரு சொல்: சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதுகிற டிஸ்க். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், ஒன்றைத் திருத்தப் பக்கத்தில் உள்ளதையும் மறுபடி எழுத வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குகிற ரெய்டில் கெட்ட டிஸ்க்கை மாற்றி மறுபடி கட்டும்போது இழுத்தடிக்கும், சில நேரம் ரெய்டே அதைக் கழற்றிவிடும். நாஸுக்கு என்று விற்ற சில மாடல்களிலும் எஸ்எம்ஆர் இருந்தது 2020இல் வெளிவந்து பெரிய சர்ச்சையானது. பெட்டி மேல் உள்ள பெயரை நம்பாமல் மாடல் எண்ணைக் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 என்ற மூன்று எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருக்க வேண்டும். 197 ஏறினால் படிக்க முடியாமல் தவிக்கிற செக்டார்கள் இருக்கின்றன என்று பொருள், அன்றைக்கே இன்னொரு பிரதி எடுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் கேபிளோ செருகுமிடமோதான்.

இடக் கணக்குக்கு வருவோம். 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்த 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்குப் பத்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கே 1.35 டிபி. 4 டிபி டிஸ்க் கணினியில் 3.6 என்றுதான் காட்டும். ஆகவே வெட்டாத பதிவு தனி டிஸ்க்கில் போகட்டும், முடித்த வீடியோ மட்டும் நாஸில். பத்திரங்களுக்கு 300 டிபிஐ போதும், பழைய போட்டோவுக்கும் மை மங்கிய கடிதத்துக்கும் 600. ஏ4 பக்கம் கலரில் 600இல் சுருக்காத டிஃப் ஆக 104 எம்பி வரும், 300இல் 26.

இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுகிற ரெய்டு 1 என்பது பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் போனால் காப்பாற்றும், தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மாதம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வேறு ஊரில் வைக்க வேண்டும். சென்னைக்குப் போகிற யாராவது கையில் கொடுத்தனுப்பலாம். லாக்கரில் வைக்க எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான் மெமரி, சிப் துறைக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பு கேட்கிற அளவு. நம் ஊர் அறை வெப்பம் அதைத் தாண்டும். ஹார்ட் டிஸ்க் பரவாயில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சரி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து விடாதீர்கள். 2022இல் டெட்போல்ட் ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) பூட்டியது இணையத்துக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைத்தான். உள்ளூர் ஃபைபர் இணைப்புகள் பல சிஜிநாட்டில் (பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கிற முறை) ஓடுவதால் போர்ட் திறந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) ஒன்றைப் போட்டு, ஆளுக்கு ஒரு கணக்கு, பார்க்க மட்டும் அனுமதி என்று கொடுங்கள். ஃபைல்களின் பழைய நிலைக்குத் திரும்ப உதவுகிற ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் இயக்கி வையுங்கள்.

நாஸ் மட்டும் 20 வாட் எடுத்தால் இரண்டு மாத பில்லில் 29 யூனிட் கூடும். பங்காளிகளுக்குள் பிரித்துக்கொள்கிற கணக்கில் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அட்மின் கணக்கின் ஓடிபி ஒருவர் போனில் மட்டும் இருக்க வேண்டாம், அவர் மலேசியாவில் சிம் மாற்றினால் எல்லோருக்கும் கதவு சாத்தும். ஓடிபி ஆப் என்றால் இரண்டாவது ஆளின் போனிலும் அதே க்யூஆரை ஸ்கேன் செய்து வைத்து, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற அதே உறையில் போட்டு வையுங்கள்.